27.215 கிராம்

பழைய காசைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். "சார், இது எவ்வளவு போகும்?" என்பது முதல் கேள்வி. "அசல்தானே?" என்பது இரண்டாவது. இந்தக் காசு இந்த வீட்டுக்கு எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். வந்த வழி தெரிந்தால் பாதி சோதனை முடிந்த மாதிரி.

நான் காசு வியாபாரி அல்ல, பெரிய சேகரிப்பாளனும் அல்ல. அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். பிரெஞ்சு வழியில் படித்ததால், காசில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லக் கூப்பிடுவார்கள். அப்படிப் படிக்கப் போய்த்தான் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

புதுச்சேரிப் பழைய வீடுகளில் டிரங்குப் பெட்டிக்கு அடியில் அதிகமாகக் கிடைக்கும் பெரிய வெள்ளிக்காசு புதுச்சேரியில் அடித்ததல்ல. அது இந்தோசீனத்துப் பியாஸ்தர். சைகோன் காசு என்பார்கள். 1881-இல் வந்த ஆணைப்படி, இங்குள்ள இந்தியர்கள் தங்கள் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வரலாம் என்று ஆயிற்று. அப்படி வந்த ரெனோன்சான்களில் பலர் கொச்சின்சீனாவுக்கு வேலைக்குப் போனார்கள். சுங்கம், போலீஸ், தபால், நீதிமன்றம் என்று எங்கே பார்த்தாலும் நம்மூர் ஆட்கள். சம்பளம் பியாஸ்தரில். மிச்சம் பிடித்தது ஊருக்கு வந்து வீடாயிற்று, நகையாயிற்று. சில காசுகள் அப்படியே துணியில் முடிந்து பெட்டிக்குள் போயின.

அந்தப் பியாஸ்தர் பிறந்த கதை கொஞ்சம் சுவாரசியமானது. காசைச் சோதிக்க அதைவிட நல்ல கருவியும் இல்லை.

பிரெஞ்சுக்காரர்கள் சைகோனில் கால் வைத்தபோது அந்தக் கடல் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது மெக்சிகோ வெள்ளி டாலர். சீன வியாபாரி அதைத்தான் நம்புவான். அதை விரட்டச் சொந்தக் காசு வேண்டும் என்று 1885-இல் பாரிஸ் அக்கசாலையில் 'பியாஸ்தர் த கொமெர்ஸ்', அதாவது வியாபாரப் பியாஸ்தர், அடிக்க ஆரம்பித்தார்கள். எடை 27.215 கிராம், ஆயிரத்தில் 900 பங்கு வெள்ளி, குறுக்களவு 39 மில்லிமீட்டர். ஒரு பக்கம் தலையைச் சுற்றிக் கதிர் விரியும் சுதந்திர தேவி உட்கார்ந்திருப்பாள், செதுக்கியவர் பார். மறுபக்கம் இலைவளையம். சுற்றிலும் 'இந்தோ-சீன் பிரான்சேஸ்', அதோடு காசின் மாற்றும் எடையும். அதாவது தன் எடை என்ன என்று அந்தக் காசே சொல்லிக்கொண்டிருக்கும்.

வந்தது வினை அந்த எடையால்தான். மெக்சிகோ டாலரில் சுத்த வெள்ளி சுமார் 24.44 கிராம். பியாஸ்தரில் 24.49 கிராம். வித்தியாசம் ஒரு குந்துமணிகூட இல்லை. ஆனால் லட்சக்கணக்கில் காசு புரளும் இடத்தில் குந்துமணி பெரிய விஷயம். இரண்டும் ஒரே விலைக்குச் செல்லும்போது எவன் கனமான காசைச் செலவழிப்பான்? மெக்சிகோ காசைக் கடைக்குக் கொடுத்துவிட்டுப் பியாஸ்தரைப் பதுக்கினார்கள், வெளியே அனுப்பினார்கள், உருக்கினார்கள். பத்து வருஷம் பார்த்துவிட்டு 1895-இல் பிரெஞ்சு அரசாங்கம் எடையை 27 கிராமாகக் குறைத்தது. சுத்த வெள்ளி 24.3 ஆயிற்று. இப்போது மெக்சிகோ காசு கனம், பியாஸ்தர் இலேசு. பியாஸ்தர் கடைத்தெருவில் நின்றது.

இதனால் நமக்கு என்ன லாபம்? 1895-க்கு முந்திய பியாஸ்தரில் 27.215 என்றுதான் எழுதியிருக்க வேண்டும். 1896 முதல் 27 என்று மட்டும். 1895 ஒரு வருஷத்துக்கு இரண்டும் உண்டு. இப்போது வியட்நாமுக்குச் சுற்றுலா போகிறவர்கள் வாங்கிவரும் 'பழைய' காசுகளில் 1886 என்று வருஷம் போட்டு 27 கிராம் என்று எழுதியிருந்தால், தராசே வேண்டாம். போலி செய்தவனுக்கு உலோகம் தெரிந்திருக்கும், சரித்திரம் தெரியாது.

இதேபோல 1914 முதல் 1920 வரை பியாஸ்தர் அடிக்கப்படவில்லை. யுத்தம், பிறகு வெள்ளி விலை ஏற்றம். அந்த வருஷங்கள் போட்ட காசு வந்தால் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது எழுத்து. பாரிஸில் அடித்த பியாஸ்தரில் அக்கசாலைக் குறியாகச் சின்னதாக 'ஆ' இருக்கும். நம் ஆங்கில வாத்தியார் சொல்லும் 'ஏ' அதுதான். ஆனால் 1921, 1922 இரண்டு வருஷமும் பாரிஸில் அடிக்கவில்லை. இங்கிலாந்தில் பர்மிங்காம் ஹீட்டன் அக்கசாலைக்கும் அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ அக்கசாலைக்கும் வேலையைக் கொடுத்தார்கள். பர்மிங்காம் காசில் 'எச்' என்ற எழுத்து. சான் பிரான்சிஸ்கோ காசில் எழுத்தே கிடையாது. 'ஏ' இல்லை, ஆகவே டூப்ளிகேட் என்று கைவிரித்துக் காட்டும் கடைக்காரர் ஒன்று தெரியாதவர், இல்லை நன்றாகத் தெரிந்தவர்.

காசு பார்ப்பது நமக்குப் புதிய தொழில் இல்லை. சங்கப் புலவர்களிலேயே வண்ணக்கன் என்ற பெயரைச் சுமந்தவர்கள் உண்டு. வண்ணக்கன் என்றால் நாணயம் சோதிப்பவன். பிற்காலத்தில் நோட்டக்காரர் என்றார்கள், சராப்பு என்றார்கள். 1736-இல் கவர்னர் துய்மா ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலிகானிடம் அனுமதி வாங்கிப் புதுச்சேரியில் ரூபாய் அடிக்க ஆரம்பித்தபோது, கடைத்தெருவில் அதை ஏற்றுக்கொள்ள வைத்தது கவர்னரின் உத்தரவு மட்டுமல்ல, சராப்பின் கண்ணும் காதும்தான். அந்த ரூபாயில் புதுச்சேரி என்ற பெயரைத் தேடாதீர்கள். பாரசீக எழுத்தில் முகலாய பாதுஷா பெயரும் ஆற்காடு என்ற அக்கசாலைப் பெயரும்தான் இருக்கும். ஓரத்தில் ஒரு பிறை. அந்தப் பிறைதான் நம்மூர். அதே வருஷம் செப்டம்பரில்தான் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு தொடங்குகிறது என்பதும் எனக்குப் பிடித்த ஒரு பொருத்தம்.

சராப்பு செய்ததைத்தான் நாமும் வீட்டில் செய்யலாம். பாயிண்டுக்குப் பிறகு இரண்டு இலக்கம் காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு ஒன்று போதும். பியாஸ்தரை நிறுத்துப் பாருங்கள். கைமாறிக் கைமாறித் தேய்ந்ததில் கால் கிராம், அரை கிராம் குறையலாம். 24-க்கு வந்தால் தேய்மானம் இல்லை, வேறு உலோகம். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். 27 கிராம் அசலுக்கு எண் 2.62 அருகில் நிற்கும். 27-ஐ அதனால் வகுத்தால் 10.3, 900 மாற்று வெள்ளியின் அடர்த்தி அது. தாமிரமும் நிக்கலும் கலந்த போலி 8.9-இல் நிற்கும். காந்தத்தை நம்பிவிட வேண்டாம். இரும்பு கலந்த மட்டமான போலியைக் காட்டிக்கொடுக்குமே தவிர, பித்தளையையும் நிக்கல் வெள்ளையையும் காந்தம் கண்டுகொள்ளாது.

காசைத் திருப்பிப் பார்க்கும் விதமும் ஒரு சோதனை. இந்தப் பியாஸ்தரை மேலும் கீழுமாகப் பிரட்டினால்தான் மறுபக்கம் நேராக நிற்கும். புத்தகப் பக்கம் திருப்புவது போலத் திருப்பினால் தலைகீழ். மாறி இருந்தால் சந்தேகப்படுங்கள்.

லென்சு வைத்துப் பார்க்கும்போது நான் முதலில் பார்ப்பது முகத்தை அல்ல, விளிம்பை. அச்சில் அடித்த காசின் விளிம்புக் கோடுகள் கூர்மையாக, ஒழுங்காக இருக்கும். வார்த்த காசில் நடுவில் ஒரு தையல் தெரியும், அல்லது அதை அரம் போட்டு மறைத்த சுவடு தெரியும். வார்ப்பு என்றால் எழுத்தின் ஓரங்கள் சோப்புக்கட்டி மாதிரி மழுங்கியிருக்கும், பரப்பில் ஊசிமுனைக் குழிகள். இன்னொன்று முக்கியம். அசல் காசு ஒன்றை வைத்து அச்சு எடுக்கும்போது அந்தக் காசில் பட்டிருந்த அடியும் கீறலும் சேர்ந்தே பதிந்துவிடும். ஒரே கீறல் ஒரே இடத்தில் இரண்டு காசில் இருந்தால் இரண்டையுமே நம்பாதீர்கள்.

காசின் நிலைமை, தரம் என்பது வேறு கணக்கு. பிரெஞ்சுக்காரர்களின் தரவரிசையைக் கேட்டால் சிரிப்பு வரும். 'போ' என்றால் அழகு. காசு உலகத்தில் அதற்கு அர்த்தம் நன்றாகத் தேய்ந்தது. 'ட்ரே போ' மிக அழகு, அதாவது சுமார். 'ட்ரே ட்ரே போ' வந்தால்தான் சுமாராக நல்லது. அதற்கு மேல் சுப்பெர்ப், ஸ்ப்ளாந்தித், கடைசியில் 'ஃப்ளேர் த குவேன்', அச்சின் பூ, அதாவது அச்சை விட்டு இறங்கிய புத்தம் புதுசு. அமெரிக்கர்கள் ஷெல்டன் என்பவர் 1949-இல் போட்ட கணக்கிலிருந்து வளர்ந்த ஒன்று முதல் எழுபது வரையிலான மார்க் முறையில் பேசுவார்கள். நம் வீட்டுப் பெட்டிகளில் கிடைப்பது பெரும்பாலும் ட்ரே போ, ட்ரே ட்ரே போ. பியாஸ்தரில் முதலில் தேய்வது உட்கார்ந்திருக்கும் தேவியின் முழங்காலும் மார்பும். அங்கே துணி மடிப்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். மற்ற இடத்தின் பளபளப்பில் மயங்க வேண்டாம்.

பளபளப்பு என்றதும் என் வயிற்றெரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்குக் குத்துவிளக்குத் தேய்க்கும்போது, கூடவே தாத்தா காசையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. நூறு வருஷம் காற்றில் இருந்து வெள்ளி தானாகப் போர்த்திக்கொண்ட சாம்பல் நிறம், பள்ளத்தில் கருத்து மேட்டில் வெளுத்து இருக்கும் அந்தப் படலம், பத்து நிமிஷத்தில் போய்விடும். மிஞ்சுவது கண்ணாடிப் பளபளப்பும் லென்சில் தெரியும் ஆயிரம் கோடுகளும். அக்கசாலைப் புதுமையுள்ள காசைச் சாய்த்துத் திருப்பினால் வெளிச்சம் சக்கரம் மாதிரி சுற்றும். தேய்த்த காசில் வெளிச்சம் நின்ற இடத்தில் நிற்கும். கறுப்பு அழுக்கல்ல. அது காசின் வயசு.

சீன முத்திரையும் அப்படித்தான். பியாஸ்தர் சீனத்துக்குள்ளும் ஓடியது. வாங்கிய வியாபாரி தட்டிப் பார்த்து, நிறுத்துப் பார்த்து, சரி என்று தன் சின்ன உளியால் ஓர் எழுத்தைக் குத்திவிடுவான். இந்தக் குத்து இருந்தால் 'அடிபட்ட காசு' என்று விலையைக் குறைப்பவர்கள் உண்டு. என் கண்ணுக்கு அது ஓர் அயலூர் நோட்டக்காரர் போட்ட கையெழுத்து.

அப்படி ஒரு கையெழுத்தினால் நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அம்மா, என்னைவிடப் பத்து வயசு சின்னவர், ஒரு துணி முடிப்பைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். பதினோரு பியாஸ்தர். தாத்தா சைகோன் சுங்கத்தில் இருந்து 1929-இல் ஓய்வுபெற்று வந்தவர். காசுகளை அம்மாவும் தம்பியும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பேத்தியின் காலேஜ் பணத்துக்கு அவர் பங்கை விற்பதாக எண்ணம். ஒரு கடையில் காட்டியபோது நாலு காசில் 'ஏ' இல்லை, டூப்ளிகேட், உருக்குகிற விலைகூடத் தர முடியாது என்றார்களாம்.

"எங்க தாத்தாவையே ஏமாத்தியிருப்பாங்களாண்ணே?" என்று கேட்டார். பணத்தைவிட அதுதான் அவருக்குக் குறையாக இருந்தது.

அந்த நாலும் 1921, 1922. இரண்டில் 'எச்', இரண்டில் ஒன்றும் இல்லை. நாலும் 26.8-க்கு மேல் நின்றன. தண்ணீரிலும் சரி. அசல். 1886 காசு ஒன்றும் 1895 காசு ஒன்றும் 27.215 எழுத்தோடு, தேய்ந்து, அருமையான கருமையோடு இருந்தன. 1900, 1903, 1907 மூன்றும் குறையில்லை. மிச்சம் 1908 போட்ட இரண்டு. இரண்டிலும் அழகாக 'ஏ' இருந்தது. கடைக்காரர் நல்ல காசு என்று தனியே எடுத்துவைத்தவை அவை. தராசில் ஒன்று 23.4, இன்னொன்று 23.6. தண்ணீர்க் கணக்கில் 8.9. தேவியின் முழங்காலுக்குக் கீழே இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே பள்ளம். கறுப்புகூட மற்றவை போலப் பள்ளத்தில் தங்கியதாக இல்லாமல் மை பூசியதுபோல ஒரே சீராக இருந்தது; ஈரப்பஞ்சில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தது.

தாத்தாவை யாராவது சைகோனிலேயே ஏமாற்றியிருக்கலாம். அந்தக் காலத்திலும் கள்ளக்காசு உண்டு. அப்படித்தான் சொல்ல வாயெடுத்தேன். அப்போது அந்த அம்மா முடிப்புத் துணியிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தைக் கொடுத்து, "இதுல என்ன எழுதியிருக்குன்னு எங்க யாருக்கும் தெரியலண்ணே" என்றார். பிரெஞ்சில், சுங்க இலாகாக்காரரின் அச்சடித்தது போன்ற கையெழுத்தில், 1929 தேதி போட்டு, பதினோரு காசின் பட்டியல். வருஷம் வாரியாக. 1908-க்கு நேரே: இரண்டு, 'மார்க்கே'. முத்திரை குத்தியது என்று அர்த்தம். என் மேஜையில் இருந்த 1908 இரண்டிலும் முத்திரை எதுவும் இல்லை.

படித்ததை அப்படியே சொன்னேன். காகிதம் அவருடையது, மறைக்க எனக்கு உரிமை இல்லை. இத்தனை வருஷம் அந்த முடிப்பு யார் வீட்டில் இருந்தது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தாத்தாவ யாரும் ஏமாத்தல, இல்லண்ணே?" என்றார். இல்லை என்றேன். போகும்போது அந்த 1908 இரண்டையும் தன் பங்கில் வைத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார். "தம்பிகிட்ட இத எதுவும் பேச வேணாம்" என்றார். இங்கே எழுதலாமா என்று கேட்டு, பெயர் இல்லாமல் எழுதச் சம்மதம் வாங்கியிருக்கிறேன்.

இதிலிருந்து வேறு எதுவும் வேண்டாம், இதை மட்டும் செய்யுங்கள்: காசோடு இருக்கும் காகிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள். பழைய கடிதம், பட்டியல், துணி, டப்பா எதுவானாலும் சரி. தரம் போட்டுப் பிளாஸ்டிக் கூட்டில் அடைத்து விற்கிறார்களே, அந்தக் கூட்டையே போலியாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு சுங்கக் குமாஸ்தாவின் கையெழுத்தைப் போலி செய்ய யாருக்கும் தோன்றாது.

1930-இல் பியாஸ்தரின் மதிப்பை வெள்ளியிலிருந்து அவிழ்த்துத் தங்கத்தோடு கட்டினார்கள். அடுத்த வருஷம் 20 கிராமில் ஒரு சின்னப் பியாஸ்தர் வந்தது. 1931 ஒரே வருஷம்தான். பிறகு நோட்டுகளின் காலம். 1945 கடைசியில் பியாஸ்தருக்கு 17 பிராங்க் என்று வைத்தார்கள். 1953 மே மாதம் திடீரென்று 10 ஆக்கினார்கள். நோட்டாக வைத்திருந்தவர்களுக்கு அடி. வெள்ளியாக முடிந்துவைத்த தாத்தாக்கள் பிழைத்தார்கள்.

வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு காசையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, ஈரம் இல்லாத இடத்தில் வையுங்கள். மெத்தென்று வளையும் மலிவு பிளாஸ்டிக் உறை வேண்டாம். சில வருஷத்தில் பச்சையாகப் பிசுபிசுக்கும். விளிம்பைப் பிடித்து எடுங்கள், முகத்தில் விரல் படக்கூடாது. காசுமாலைக்கு வளையம் பற்றவைத்த காசானால் வளையத்தை அறுக்க வேண்டாம்; அறுத்த இடம் பற்றவைத்ததைவிட அசிங்கமாக இருக்கும்.

நம்மூர் துதூ என்ற செப்புக்காசுக்கு இந்த எடைக் கணக்கு எதுவும் உதவாது. ஒரு பக்கம் லில்லிப் பூ, மறுபக்கம் தமிழில் புதுச்சேரி என்று இருக்கும் அது ஒன்றுக்கொன்று கனம் மாறும், வட்டமும் ஒழுங்காக இருக்காது. அங்கே எழுத்தைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். 'ச்சே' எப்படி வெட்டியிருக்கிறது என்பதில் தொடங்கி நிறைய இருக்கிறது. படங்கள் எடுத்துவிட்டு எழுதுகிறேன்.